மடி கொடுத்தவன்

தை 18, ஞாயிறு

கடும் பனி. வெயில் ஏறும் வரை எதிர்க் காட்டு ஆமணக்குகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. பசுவுக்குப் பருத்திக்கொட்டை ஆட்டிக் கொடுத்தது நான். என் வீட்டுக்காரி நாச்சாயிக்கு முழங்கால் பிடிப்பு.

மத்தியானம் ராசிபுரத்தில் ஆசிரியர் கூட்டம். ஓய்வு பெற்ற எனக்கும் அழைப்பு. மகள் பாவாயியும் வந்தாள். பெண்கள் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புக்கு உதவியாக இருக்கிறாள் அல்லவா, அந்த முறையில். இன்றைய பேச்சு செங்கோடன். தலைப்பு 'பிறவியா, வளர்ப்பா'. அவனுக்குப் பிடித்த தலைப்பு. நானும் அவனும் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த காலத்திலிருந்தே இதே பாட்டு.

குழந்தை என்பது வெள்ளை நூல், எந்தச் சாயத்தில் முக்குகிறோமோ அந்த நிறம் என்றான். கைதட்டல். எல்லா நூலும் ஒரே மாதிரி சாயம் குடிப்பதில்லை என்பது ராசிபுரத்தில் தறி உள்ள எந்த வீட்டுப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் மேடையில் நிற்பவனை மறிக்கக் கூடாது. அடுத்த ஞாயிறு சைக்கிளில் வருவான், அப்போது சண்டைக்கு வைத்துக்கொள்ளலாம்.

முடிக்கும்போது பாவாயியைக் காட்டினான். பெற்றவர் யார் என்றே தெரியாத பிள்ளை, ஒரு வாத்தியார் வீட்டில் வளர்ந்து எட்டாம் வகுப்பில் முதலாக வந்தது, இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும் என்று கேட்டான். "எந்திரிச்சு நில்லு சாமி, எல்லாரும் பாக்கட்டும்." நின்றாள். மறுபடி கைதட்டல்.

வண்டியில் திரும்பினோம். ஆண்டகளூர் தாண்டிய பிறகு, "சந்தையில மாட்டுக்குப் பல்லுப் புடிச்சுப் பாத்த மாதிரி இருந்துச்சுங்கப்பா" என்றாள். எனக்குச் சிரிப்பு. மாமனார் ஆகப் போகிறவன் பெருமையில் சொன்னது, பொறுத்துக்கொள் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோபமா வெட்கமா, தெரியவில்லை. இரண்டுக்கும் ஒரே முகம் இவளுக்கு.

வெள்ளிக்கிழமை செங்கோடன் வீட்டார் நிச்சயத்துக்கு வெற்றிலை மாற்ற வருகிறார்கள்.

தை 20, செவ்வாய்

பனி குறைவு. வாங்க வேண்டியவை: கொழுந்து வெற்றிலை, கொட்டைப்பாக்கு, தேங்காய், பூவன்பழம், கல்கண்டு. நாச்சாயிக்கு முழங்காலுக்குத் தைலம். ஜமக்காளம் பக்கத்து வீட்டில் இரவல் கேட்க வேண்டும்.

தேர்தல் வண்டி ஒன்று எந்த நிறப் பெட்டியில் ஓட்டுப் போட வேண்டும் என்று கூவிக்கொண்டு போயிற்று. பின்னாலேயே நாய்கள்.

முன் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தேன். அடிக்கும்போது பழசெல்லாம் வந்தது. பாவாயி வந்தது பெருங்காய்ச்சல் வருஷம். சந்தைக் கொட்டகையில் ஒரு பெண் கிடந்தாள். பேச்சு அடங்கிவிட்டது. பக்கத்தில் பல் முளைக்காத குழந்தை. எந்த ஊர், யார் பெண், என்ன குலம், என்ன கூட்டம், ஒன்றும் தெரியாது. அவள் உயிர் போன பிறகு, இதை யாரிடம் விடுவது என்று மணியக்காரர் நாலு பேரைக் கேட்டுக்கொண்டிருந்தார். நாச்சாயி யாரையும் கேட்கவில்லை. எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. பங்காளிகள் வெகுகாலம் வாசல் மிதிக்கவில்லை.

காதுகுத்தின்போது சங்கடம் வந்தது. தாய்மாமன் மடி இல்லாமல் எங்கள் பக்கம் காது குத்த மாட்டார்கள். நாச்சாயி ஒற்றைப் பிள்ளை, அண்ணன் தம்பி கிடையாது. ஆசாரி ஊசியோடு காத்திருக்கிறார். வந்திருந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்க்கிறார்கள். செங்கோடன்தான் துண்டை மடித்துப் போட்டுச் சம்மணம் கொட்டி உட்கார்ந்தான். "கொண்டாங்க புள்ளைய. நாந்தான் மாமன்."

அன்றிலிருந்து நாச்சாயிக்கு அண்ணன், எனக்கு மைத்துனன், பிள்ளைக்கு மாமன். அவள் பெரியவளானபோது மாமன் சீரும் அவனே. பச்சை ஓலை வெட்டிக் குடிசை கட்டியது அவன் கை. சீர்த்தட்டை இறக்கி வைத்து, எல்லார் முன்னாலும் சொன்னான்: "என்ற நடேசனுக்குன்னே வளருதுங்க இது." மாமன் மகன் முறை மாப்பிள்ளை. அதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எனக்கு எப்படி வரும்.

தை 21, புதன்

பாவாயி ரவிக்கை தைத்துக்கொண்டே முனகுகிறாள். அதே மெட்டு. கணக்குப் போடும்போதும் இதேதான், சின்னதிலிருந்து. எங்கள் வீட்டில் பாடுகிறவர் கிடையாது. எனக்குச் சுருதி என்றால் என்னவென்றே தெரியாது. கிணற்றில் கவலை இறைக்கிறவன் பாட்டில் கேட்டுப் பிடித்திருப்பாள் என்பான் செங்கோடன். இருக்கலாம். அப்படித்தான் என்று அடித்துச் சொல்ல என்னால் முடியவில்லை.

அவனுக்கு எல்லாமே வளர்ப்பு. நான் அப்படிச் சொன்னதில்லை. மேச்சேரி ஆட்டைக் கொல்லிமலை அடிவாரத்தில் விட்டு வளர்த்தாலும் செம்பழுப்பு மாறாது. ஆனால் கொழுப்பதும் இளைப்பதும் மேய்ச்சலைப் பொறுத்தது. மந்தைக்குப் பழகுவதா, முட்டுவதா என்பது மேய்ப்பவன் கையைப் பொறுத்தது. பாதியாவது.

என்னிடம் படித்த இரட்டைப் பிள்ளைகள் நினைவு. தகப்பன் இறந்ததும் ஒருவன் தறிக்காரர் வீட்டோடு போனான், ஒருவன் மேச்சேரிப் பக்கம் ஆட்டுக்குப் போனான். பெரியவர்களான பிறகு திருச்செங்கோட்டுத் தேரில் இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்தேன். எது கேட்டாலும் இரண்டு பேரும் இடது காதைச் சொறிந்துவிட்டுத்தான் பதில். தறியில் இருந்தவன் நூல் கணக்கை வாயாலேயே போடுகிறான். ஆட்டுக்குப் போனவனுக்குக் கையெழுத்து வராது, ஆனால் மந்தையில் ஒன்று குறைந்தால் எண்ணாமலே சொல்கிறான். இதில் எது விதை, எது நிலம்? காது சொறிவது விதை என்று வைத்துக்கொள்வோம். மற்றதெல்லாம்? துணியில் பாவு எத்தனை இழை, ஊடை எத்தனை இழை என்று எண்ணலாம். எது துணி என்று கேட்டால் என்ன சொல்வது?

வெள்ளிக்கிழமை இதைச் செங்கோடனிடம் சொல்ல வேண்டும். மாட்டிக்கொள்வான்.

நாச்சாயி சொல்கிறாள், வெற்றிலை மாற்றும் நாளில் விதை நிலம் என்று ஆரம்பித்தால் ஜமக்காளத்தோடு சுருட்டி வைத்துவிடுவாளாம்.

தை 23, வெள்ளி

வரவில்லை.

காலையிலிருந்து காத்திருந்தோம். நாச்சாயி கச்சாயம் சுட்டு வைத்திருந்தாள். பாவாயி பச்சைப் புடவை. பக்கத்து வீட்டு அம்மாள் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, "ஏனுங்க, வெத்தல வாடுதுங்களே, தண்ணி தெளிக்கறதுங்களா?" அக்கறையா குத்தலா, அந்தக் குரலில் பிரிக்க முடியாது.

வெயில் சாய்ந்த பிறகு செங்கோடன் ஊரான ஆட்டையாம்பட்டியிலிருந்து வண்டிக்காரன் ஒருவன் சேதி கொண்டுவந்தான். செங்கோடனுக்கு உடம்பு சரியில்லையாம். போகும்போது அவனாகவே சொன்னான்: "காத்தால நாத்தங்கால்ல நின்னாருங்க. நல்லாத்தான் இருந்தாருங்க."

பாவாயி புடவையை மாற்றிவிட்டுப் பசுவைத் தண்ணீருக்கு ஓட்டிக்கொண்டு போனாள். இன்று முனகல் இல்லை.

தை 25, ஞாயிறு

செங்கோடன் இன்றும் வரவில்லை. அவன் வராத ஞாயிறு நினைவில் இல்லை. நானே பஸ் ஏறி ஆட்டையாம்பட்டி போனேன்.

கட்டிலில் உட்கார்ந்து நிலக்கடலை தொலித்துக்கொண்டிருந்தான். உடம்புக்கு ஒன்றுமில்லை. "வாங்க மாப்ளே" என்றான், எப்போதும் போல. அவன் மனைவி மோர் வைத்துவிட்டு முகம் பார்க்காமல் உள்ளே போனாள். உள்ளறையில் நடேசன் இருமுவது கேட்டது. சேலத்து நூல் கடையில் கணக்கு எழுதுகிறவன், ஞாயிறு லீவு.

கேட்டேன். கடலைத் தொலியைப் பார்த்துக்கொண்டே பேசினான். முதலில் கூட்டம். பெண் எந்தக் கூட்டம் என்று தெரியாதாம். ஒரே கூட்டத்துக்குள் பெண் எடுத்தால் அண்ணன் தங்கைக்கு முடித்த மாதிரி. "எங்க கூட்டத்துப் புள்ளையாவே இருந்துட்டா என்னுங்க பண்றது? ஊரு கேக்குமுங்களே."

காது குத்தும் அன்றைக்கே கேட்டிருக்க வேண்டிய கேள்வி என்றேன். இன்னும் இரண்டு கடலையை உடைத்தான். பிறகு மற்றதெல்லாம் வந்தது.

நாலு வயதில் ஒரு பையன் கையைப் பாவாயி ரத்தம் வரக் கடித்தாளே, அது சாதாரணப் பிள்ளை செய்கிற காரியமா? எத்தனை திருத்தியும் இடது கையை விடவில்லையே. வகுப்புக்கு வந்த இன்ஸ்பெக்டர் பலகையில் போட்ட கணக்கைத் தப்பு என்று எழுந்து சொன்னாளே, பெரியவர் சின்னவர் தெரியாத ரத்தம்தானே அது? அப்புறம் அந்த மெட்டு. "அது எங்கிருந்து வந்துதுன்னு நீங்கதானுங்க கேட்டீங்க. ஆட்டக்காரக் கூட்டமா இருந்தா?"

எல்லாம் நான் சொன்னவை. ஒவ்வொன்றும். ஞாயிற்றுக்கிழமைகளில், கடலை தின்றுகொண்டு, பிள்ளையின் சூட்டிகையை நினைத்து நினைத்துச் சிரித்துச் சொன்னவை. அவனும் சிரித்தான். கடித்த கதைக்கு விழுந்து விழுந்து சிரித்தான், கண்ணில் தண்ணீர் வர. இன்ஸ்பெக்டர் கதையை அவனே நாலு இடத்தில் சொல்லியிருக்கிறான், நம்ம புள்ள என்று. ஒன்றையும் மறக்கவில்லை. எல்லாவற்றையும் அப்படியே வேறு மூட்டையில் கட்டி வைத்திருந்திருக்கிறான்.

போன ஞாயிறு ராசிபுரத்தில் பேசினாயே என்றேன்.

"அது மேடைங்க மாப்ளே. ஊருப் புள்ளைங்களுக்கு அது சரி. இது என்ற பேரனுக்குங்க."

சீரில் சபை முன்னால் சொன்னதை நினைவுபடுத்தினேன். சீரில் ஆயிரம் பேசுவார்கள் என்றான். அப்போதுதான் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தான்.

"மடி குடுத்தனுங்க. மகனக் குடுக்கறேன்னு எழுதிக் குடுக்கலைங்களே."

மோரைக் குடித்தேனா இல்லையா, நினைவில்லை.

பஸ் நிற்கும் இடம் வரை நடேசன் கூட வந்தான். அவனாவது ஏதாவது சொல்வான் என்று மெதுவாக நடந்தேன். சொன்னான். புத்தி, குணம் எல்லாம் ரத்தத்தில் இறங்குவது என்று இங்கிலீஷ் புஸ்தகத்தில் போட்டிருக்கிறதாம். "அப்பா சொல்றது எனக்கும் சரின்னுதானுங்க மாமா படுது." இவனுக்கு இங்கிலீஷ் எழுத்துச் சொல்லிக்கொடுத்தது நான். சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை தகப்பனோடு சைக்கிள் கம்பியில் உட்கார்ந்து வருவான். பாவாயியும் அவனும் ஒரே பலகையில் எழுதினார்கள், அவள் இடது ஓரம், அவன் வலது ஓரம்.

தை 26, திங்கள்

பனி. வேலை ஓடவில்லை. பசு கயிற்றை அறுத்துக்கொண்டு போய் யார் காட்டிலோ மேய்ந்தது, பேச்சு வாங்கினேன்.

சொல்ல வேண்டிய பதில் பஸ்ஸில் திரும்பும்போதுதான் வந்தது. எப்போதும் இப்படித்தான். அவள் அவன் கூட்டத்துப் பிள்ளையாகவே இருந்தால், அவன் ரத்தம்தானே அவள் ரத்தம்? அதில் என்ன குறை கண்டான்? ரொம்பக் கிட்டத்து ரத்தமோ என்று ஒரு பயம், எங்கேயோ உள்ள ரத்தமோ என்று ஒரு பயம், இரண்டும் ஒரே மூச்சில். பரீட்சைத் தாளில் இப்படி ஒருவன் எழுதினால் செங்கோடனே சுழித்துப் பூஜ்யம் போடுவான்.

வாயில் வளர்ப்பு. வயிற்றில் விதை. இத்தனை வருஷம் என்னோடு சண்டை போட்டது யார்?

நான்தான் விதைக்கும் பங்கு உண்டு என்று சொல்லிக்கொண்டிருந்தவன். சொல்லியும் எனக்கு அவளிடம் பயம் வந்ததில்லை. எங்கிருந்தோ ஒரு மெட்டு வந்திருக்கிறது, வரட்டுமே. இடது கை வந்திருக்கிறது, அந்தக் கைக்குத்தான் எழுத்து முத்து முத்தாக. ஒன்றுமே கொண்டுவராத பிள்ளை உண்டா? விதையே இல்லை என்று மேடையில் அடித்துச் சொன்னவன்தான் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்திருக்கிறான்.

பாவாயியிடம் நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் முகத்தைப் பார்த்ததுமே நேற்றுத் தெரிந்துகொண்டாள். இன்று முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டே கேட்டாள், என்ன காரணம் சொன்னாங்க என்று. கூட்டத்தைச் சொன்னேன். அது மட்டுமா என்றாள். மற்றதையும் சொன்னேன். பொய் சொல்லிப் பழக்கமில்லை இந்த வீட்டில்.

முறம் நின்றது. "எதையெதையெல்லாம் மாமங்கிட்டச் சொல்லியிருந்தீங்க?"

எல்லாவற்றையும்.

"கடிச்சதையுமா?"

கடித்ததையும்.

"அந்தப் பையன் என்ன சொல்லிக் கூப்புட்டான்னும் சொன்னீங்களா?"

சொன்னேன்தான், 'வந்தவ' என்று கூப்பிட்டதை. அது செங்கோடன் மூட்டையில் இல்லை.

மறுபடி புடைக்க ஆரம்பித்தாள்.

தை 29, வியாழன்

வெயில் ஏறுகிறது. மோட்டுவளையில் குளவிக் கூடு, கலைக்க வேண்டும். முழங்கால் தைலம் தீர்ந்தது.

நாச்சாயி ஒரு வார்த்தை பேசவில்லை இந்த விஷயத்தில். அழவும் இல்லை. கச்சாயத்தைக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். அண்ணன் என்று வாயாரக் கூப்பிட்டவள். ஆடியில் அவன் கொண்டுவரும் புடவையைத்தான் நோம்பிக்குக் கட்டுவாள். பிறந்த வீட்டுப் புடவை என்று.

கோபப்படாதவள் என்று ஊரே இவளைச் சொல்லும். என் தாயார் இருந்தவரை பேசாத பேச்சில்லை இவளை. குழந்தை எடுத்து வந்தபோது பங்காளிகள் வாசலில் நின்று சொன்னதை இப்போது எழுதக் கை கூசுகிறது. ஒன்றுக்கும் வாய் திறக்கவில்லை. கல் மாதிரி பொறுமை. அது பிறவியா, இந்த வீட்டில் வந்து பழகியதா என்றுகூட நானும் செங்கோடனும் ஒரு தடவை வாதம் பண்ணியிருக்கிறோம். அவள் கேட்டுக்கொண்டே சோறு போட்டாள்.

தபால்காரர், பள்ளிக்கூடத்து ஆயா, எண்ணெய்க்காரர் எல்லாரும் ஒரே கேள்வியை வேறு வேறு மாதிரி கேட்கிறார்கள். எண்ணெய்க்காரர்தான் நேராகக் கேட்டார்: "மாமனே கைவிட்டுட்டா வேற ஆரு கட்டுவாங்க?" இதுதான் அவன் செய்தது. பெண் வேண்டாம் என்று வேறொருவன் சொன்னால் ஒரு சம்பந்தம் தப்பிற்று, அவ்வளவுதான். மாமன் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி. உள்ளே இருந்து பார்த்தவனே வேண்டாம் என்கிறானே, என்ன கண்டானோ என்று ஆகிவிட்டது.

மாசி 1, வெள்ளி

தம்மம்பட்டியில் ஒரு வாத்தியார் குடும்பம். பெண்கள் பள்ளிக்கூடத்து டீச்சரம்மா மூலம் விசாரித்திருக்கிறார்கள். பையனும் வாத்தியார் பயிற்சி முடித்தவன். பெற்றவர் யார் என்று தெரியாத பிள்ளை என்பது அவர்களுக்கும் தெரியும் என்கிறார்கள். பெண்ணுக்குப் படிப்பிலே ஆசையா, பிள்ளைகளை அடிப்பாளா, இரண்டே கேள்வியாம். வந்து பார்க்கட்டும் என்றேன். பாவாயியிடம் சொன்னேன். "வரட்டுமுங்க. நானும் அவங்களப் பாக்கோணுமில்ல" என்றாள்.

நான் அந்த டீச்சரம்மாவிடம் பாவாயியைப் பற்றி ஒரு கதையும் சொல்லவில்லை. நாக்கு வரைக்கும் வந்தது, முழுங்கினேன்.

மாசி 3, ஞாயிறு

சுளீரென்ற வெயில். புளி உலுக்கிக்கொண்டிருந்தோம். சைக்கிள் மணி.

செங்கோடன். ஹாண்டில்பாரில் துணி மூட்டை. புடவை, தேங்காய், பழம். வழக்கம் போல வேப்ப மரத்தில் சைக்கிளைச் சாத்திவிட்டு, "வாரேனுங்க தங்கச்சி" என்று உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தான். நாச்சாயி தண்ணீர்ச் சொம்பை வைத்தாள். 'வாங்கண்ணா' சொல்லவில்லை.

தம்மம்பட்டிச் சேதி எட்டியிருக்கிறது. ரொம்பச் சந்தோஷம் என்றான். உண்மையாகவே சந்தோஷம்தான், முகத்தில் தெரிந்தது. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. மாமன் சீரை அவன் விடமாட்டானாம். கூறைக்கு முன் மாமன் புடவை அவன் வீட்டிலிருந்துதான் வர வேண்டுமாம். அவன் மணவறைக்குப் பக்கத்தில் நிற்காவிட்டால் பெண்ணுக்கு ஒரு பக்கம் ஆள் இல்லை என்று ஊர் பேசும், அது நமக்குக் கேவலம் என்றான். நமக்கு.

புளியங்காய் ஒன்றைக் கையில் வைத்து உடைத்துக்கொண்டிருந்தேன்.

பாவாயி வந்து எதிரே நின்றாள். முந்தானையில் புளித் தூசி.

"கல்யாணமுன்னு ஒண்ணு ஆனா அவசியம் வாங்க. எங்கப்பாகூட வேல பாத்தவரா வாங்க. மாமனா வேண்டாமுங்க."

"அம்மிணி, மடியில வெச்சவன் நானு."

"அன்னிக்கு எனக்குப் பேச்சு வராதுங்க. வந்திருந்தா, எறக்கி உடுங்கன்னு சொல்லியிருப்பேன்."

குரல் உயரவில்லை. சொல்லிவிட்டு நின்றாள், நகரவில்லை. செங்கோடன் அவளைப் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பினான், கூட்டத்தில் ஒரு சாட்சியைக் காட்டுகிற மாதிரி கையை நீட்டி.

"பாத்தீங்களா மாப்ளே? நாஞ் சொன்னது இதத்தானுங்க. இந்த ஊட்டுல ஆருக்கு இந்தக் கோவம் இருக்குது? நீங்களே சொல்லுங்க, எங்கிருந்து வந்துது?"

நாச்சாயி புளி தட்டிக்கொண்டிருந்தாள். கட்டையைக் கீழே வைத்தாள்.

"என்றகிட்ட இருந்துதானுங்க. மாமியாரு பேசினப்ப, பங்காளிக பேசினப்ப, நீங்க ரெண்டு பேரும் சோத்துக்கு முன்னால உக்காந்துக்கிட்டு என்னையப் பத்திப் பேசினப்ப, எல்லாம் செலவு பண்ணாம வெச்சிருந்தனுங்க. அவ எடுத்துச் செலவு பண்றா."

மறுபடி கட்டையை எடுத்தாள்.

செங்கோடன் எழுந்தான். மூட்டையை ஹாண்டில்பாரில் திரும்பக் கட்ட முடிச்சு விழவில்லை. உதவிக்குப் போகலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். போகவில்லை. வண்டிப் பாதை திரும்பும் வரை தள்ளிக்கொண்டே போனான், ஏறவில்லை.

பிறகு பெண்கள் இரண்டு பேரும் புளியைக் கொட்டை எடுத்தார்கள், ஒன்றும் நடக்காத மாதிரி. பாவாயி முனக ஆரம்பித்தாள். நாச்சாயி, தாளம் தப்பாமல், கட்டையால் தட்டிக்கொண்டிருந்தாள். இருக்கட்டும், அதை ஓர் உதாரணமாக நான் எழுதவில்லை.

வாத்தியார் வேலையில் எத்தனையோ உதாரணம் சேர்த்தேன். இன்று நாச்சாயி சொன்னதற்கு ஈடாக ஒன்றும் இல்லை. இதைச் சொல்லிச் சிரிக்க எனக்கு ஒருவன் இருந்தான்.